கத்தரித்த கறுப்புக் கயிறு

போன வருடம் ஆடி மாதம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் குழாய்த் தொழிற்சாலையில் நடந்தது இது. நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு என்பது பேருக்குத்தான். மாதத்தில் சில நாள் பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி, முழங்கால் வலியோடு அங்கே போய்ப் பாதுகாப்புத் தணிக்கை செய்து கொடுக்கிறேன். விதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம் என்பதால் கூப்பிடுகிறார்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். ஏதாவது விபரீதம் நடந்தால் கைகாட்ட ஒரு கிழவன் தேவை என்பது அவர்களுக்கும் எனக்கும் தெரிந்த காரணம்.

அந்தச் சமயத்தில் சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து உளவியல் ஆராய்ச்சி செய்யும் பெண்மணி ஒருவர் தொழிற்சாலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். டிஸ்லெக்சியா என்கிறார்களே, அறிவில் ஒரு குறையும் இல்லாமல் வாசிப்பு மட்டும் பிடிபடாமல் வழுக்கும் சிக்கல், அது உள்ள பெரியவர்கள் தங்கள் உடம்பை எப்படி உணர்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. விருப்பப்பட்டு வருகிற தொழிலாளர்களைப் பயிற்சி அறையில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார். கண்ணை மூடச் சொல்லி ஒரு விரலைத் தொட்டு, எந்த விரல் என்று கேட்பார். கைப் படங்களைத் தலைகீழாகவும் சாய்த்தும் காட்டி, இடதா வலதா என்பார். யார் வந்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பது நிர்வாகத்துக்குப் போகக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அனுமதிக் கடிதங்கள் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. இரும்பு வளைக்கிற இடத்தில் மனசை அளந்து என்ன ஆகப்போகிறது என்று முனகிக்கொண்டேதான் எழுதினேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என்னையும் ஒருநாள் உட்காரவைத்தார். கைப் படங்களுக்கு மளமளவென்று பதில் சொன்னேன். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டார். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, பார்த்தாலே தெரிகிறதே என்றேன்.

"சிலருக்குப் பார்த்ததும் தெரியாது சார். ஒவ்வொரு தடவையும் தேடி எடுக்கணும்," என்றார்.

தலையாட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய தலையாட்டல் அது. உள்ளே ஒன்றும் இறங்கவில்லை.

அடுத்த வாரம் தணிக்கை. ஷெட்டுக்குள் யார் கையிலும் மோதிரம், காப்பு, கயிறு இருக்கக் கூடாது என்பது விதி. சுழல்கிற இயந்திரத்தில் சிக்கினால் கையோடு போய்விடும். கத்தரிக்கோலும் கையுமாக வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். திருப்பதிக் கயிறு, தர்கா கயிறு, காதலி கட்டிய கயிறு என்று ஒரு குப்பைக்கூடை நிறைந்தது.

மேலே ஓடுகிற கிரேனை இயக்குபவர் வந்தார். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். வலது மணிக்கட்டில் தடிமனாகச் சுற்றி இறுக்கிய கறுப்புக் கயிறு.

"இது மட்டும் இருக்கட்டும் சார்," என்றார்.

கிரேன் அறையில் சுழல்வது தலைக்கு மேலே மாட்டியிருக்கும் மின்விசிறி ஒன்றுதான். அது எனக்கும் தெரியும். ஆனால் ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள். சாமி கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல்லுங்கள் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். நானே கத்தரித்தேன்.

அன்று பிற்பகல் ஒரு குழாய்க் கட்டை லாரிக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். கட்டு பெரியது. கீழே நின்று சைகை காட்டுகிறவர் அதன் பின்னால் மறைந்துவிட்டதால் வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டிருந்தார். கிரேன் ஓட்டுநரின் இடதுதான் இடது, அவருடைய வலதுதான் வலது என்று அங்கே ஒரு வழக்கம். நான் ஒரு தூண் ஓரமாக நின்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். "லெஃப்ட், லெஃப்ட்" என்று சத்தம் கேட்டது. கட்டு ஒரு கணம் தயங்கியது. பிறகு வலது பக்கம், அதாவது என் பக்கம், கிளம்பி வந்தது.

ஓடவேண்டும் என்று தோன்றவில்லை. பின்னால் தூண். விசில், கூச்சல், கிரேன் நின்றது. ஆனால் தொங்குகிற பாரம் உடனே நிற்காது. அது ஆடி வந்து என் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் ஓய்ந்து, வந்த வழியே திரும்பிப் போனது. யாரோ என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மேலாளர் அன்றே ஓட்டுநரைக் கீழே இறக்கிவிட்டார். அறிக்கையில் "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், மறுநாள் முதல் அவர் கேட்டுக்கு வெளியே. எழுதுவது சுலபம். உயிருக்கே உலை வைத்த ஆள். ஆனால் அந்தக் கணநேரத் தயக்கம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. கவனமில்லாதவன் தயங்க மாட்டான். தேடுகிறவன்தான் தயங்குவான்.

ஆராய்ச்சிப் பெண்மணியிடம் போய் அந்த ஓட்டுநர் உங்களிடம் வந்தாரா என்று கேட்டேன்.

"வந்தாரா இல்லையான்னுகூடச் சொல்ல மாட்டேன் சார். விதி தெரிஞ்ச நீங்களே கேட்கலாமா? அவர்கிட்டயே கேளுங்க," என்றார்.

என் வாழ்நாளில் இத்தனை பேருக்கு விதியைக் காட்டிய எனக்கு, அதே விதியை ஒருவர் திருப்பிக் காட்டியதும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

மறுநாள் காலை ஓட்டுநரைப் புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு டீக்கடையில் பிடித்தேன். நாஷ்டாத் தட்டு முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. சாமி கயிற்றை அறுத்ததில் மனசு சரியில்லையா என்று ஆரம்பித்தேன்.

"அது சாமி கயிறு இல்ல சார். அதான் என் சோத்தாங்கை."

புரியவில்லை என்றேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். சின்ன வயதிலிருந்தே வலது இடது அவருக்கு நிற்காது. எழுத்தும் அப்படித்தான், பார்க்கப் பார்க்க நழுவும். கயிற்றைக் கண்ணால் பார்ப்பதில்லை. இறுக்கிக் கட்டியிருப்பதால் தோலில் அழுந்திக்கொண்டே இருக்கும். அழுந்துகிற பக்கம் வலது. அவ்வளவுதான் ஏற்பாடு.

சாப்பிடுகிற கை எதுவென்றுமா தெரியாது என்று கேட்டுவிட்டேன்.

"சாப்புடறப்போ தெரியும் சார். யாராச்சும் கத்துனா தெரியாது. போட்ல போறப்போ இந்தத் தொல்லையே இல்ல. ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் கரை. இங்க எங்க பாத்தாலும் தகரம். கயிறு போனதும், மேல குந்திக்கினு எந்தக் கைன்னே தெரியல."

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"இன்னான்னு சொல்றது சார்? எழுத்து வராது, கை தெரியாதுன்னு சொன்னா கிரேன்ல ஏத்துவாங்களா? ரெண்டு பசங்க படிக்கிறாங்க."

எங்கள் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. ஓடுகிற இயந்திரத்தில் ஒரு போல்ட்டை மாற்றுவதானாலும், அது எதற்காக அங்கே இருக்கிறது, எடுத்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராய வேண்டும். அதைப் பற்றி நான் வகுப்பே எடுத்திருக்கிறேன். அறிக்கையை அந்த நடைமுறைப்படியே எழுதினேன். பக்கம் அறிய ஓட்டுநர் வைத்திருந்த அடையாளத்தைத் தணிக்கையாளர் காரணம் கேட்காமல் அகற்றினார். விபத்து நடக்கவிருந்ததற்கு அதுவே காரணம். எழுத்து விஷயத்தை அதில் சேர்க்கவில்லை. விபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மேலாளர் இரண்டு முறை படித்தார். "சார், உங்க பேரையே நீங்க எழுதியிருக்கீங்க," என்றார்.

நடந்ததை எழுதுவதற்குத்தானே அறிக்கை என்றேன். நாளைக்கு மறுபடி குழம்பினால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கவலை இருந்தது. அதனால் வழக்கத்தையே மாற்றிப் பார்க்கலாம் என்றேன். ஷெட்டின் ஒரு புறம் கொல்கத்தா நெடுஞ்சாலை, மறுபுறம் ஏரி. லெஃப்ட் ரைட்டை விட்டுவிட்டு, ரோடு பக்கம், ஏரி பக்கம் என்று கூப்பிடச் சொன்னேன். ஏரிப் பக்கத் தூண்களுக்கும் கிரேன் அறையில் அந்தப் பக்கத்துக்கும் நீல வண்ணம். பாரமில்லாத கொக்கியோடு அவரை ஏற்றி, மேலாளர் பார்க்கப் பார்க்கக் கூப்பிட்டோம். வேகமாகவும் மாற்றி மாற்றியும் கூப்பிட்டோம். ஒரு தயக்கமும் இல்லை. சைகை காட்டுகிறவர் என் காதோரம் வந்து, இத்தனை நாளாக மேலே இருக்கிறவனின் இடது எது என்று யோசித்து யோசித்துத் தனக்கும் பேஜாராகத்தான் இருந்தது என்றார்.

ஓட்டுநர் இன்றும் அதே கிரேனில்தான் இருக்கிறார். அவர் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பேரில்லாமல் எழுதுங்கள், குப்பத்தில் கிண்டல் பண்ணுவார்கள் என்றார். ஆராய்ச்சிப் பெண்மணி தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். எழுத்துக்கும் உடம்புக்கும் என்னதான் சம்பந்தம் என்று கடைசி நாளில் கேட்டேன். இன்னும் தெரியவில்லை சார், அதற்குத்தானே இவ்வளவும் என்றார். தெரியவில்லை என்று அத்தனை நிம்மதியாகச் சொல்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

கயிறு கூடாது என்கிற விதி அப்படியேதான் இருக்கிறது. நானும் கத்தரிக்கோலோடுதான் போகிறேன், எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்டுவிட்டு வெட்டுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். நெஞ்சுக்கு நேரே வந்து நின்ற குழாய்க் கட்டு இப்போது கனவில்கூட வருவதில்லை. தன் வலது கை எது என்பதையே வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்தும், காரணத்தைச் சொல்லாமல் அந்தக் கையை ஒரு மனிதர் என் முன்னால் நீட்டினாரே, அதுதான் ஒவ்வொரு தணிக்கை நாளிலும் பொன்னேரி ஸ்டேஷன் படி ஏறும்போது கூடவே வருகிறது.