மூச்சு நின்றதைக் கும்பிட்டார்கள்

என் கணவர் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று திணறியதை எத்தனையோ பேர் பார்த்தார்கள். ஒருவருக்குக்கூட ஏன் பயம் வரவில்லை? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

முருகன் என் வேண்டுதலைக் கேட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கோபம் இல்லாமல் எழுத முடியவில்லை. அடியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் பாலிங் ஊருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். நான் பாலர் பள்ளி ஆசிரியை. கணவர் சரவணன் தோட்டத்திலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், யாழினி. குறைமாதத்தில் பிறந்து அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் மூன்று வருடம் காவடி எடுப்பதாக அவர் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தாள். இரண்டு வருடம் எடுத்தார். போன தைப்பூசம்தான் மூன்றாவதாக இருந்திருக்க வேண்டும்.

அவருடைய குறட்டை எங்கள் குடும்பத்தில் பெரிய வேடிக்கை. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் போதும். "அண்ணன் லோரிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு லா, எல்லாரும் ஓரமா நில்லுங்க" என்பான் அவருடைய தம்பி. அவருடைய அம்மா, என் அத்தை, சிரிப்பார். "உழைக்கிற ஆம்பளைக்கு அப்படித்தான் தூக்கம் வரும்" என்பார்.

சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சத்தம் நின்ற நேரம் எனக்கு மட்டும்தான் கேட்டது. குறட்டை பாதியில் அறுந்துவிடும். நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் மூக்கில் காற்று வராது. நான் விரலை வைத்துப் பார்ப்பேன். பிறகு தண்ணீரில் மூழ்கியவர் மேலே வருவதுபோல் ஒரு பெரிய திணறல். மறுபடி குறட்டை. காலையில் தலைவலியோடு எழுந்திருப்பார். சிவப்பு விளக்கில் லோரியை நிறுத்தியவர் அப்படியே தூங்கிப்போய், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து எழுப்பியிருக்கிறார்கள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவருக்கு இரத்த அழுத்தம் கூடியிருந்தது; மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். அப்போதும் குறையவில்லை. கிளினிக்கில் என் பக்கம் திரும்பிக் கேட்ட ஒரே கேள்வி, "சமையலில் உப்பு எவ்வளவு போடுகிறீர்கள்?" அவர் தூங்கும் விதத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து உப்பைக் குறைத்தேன். ஒருவேளை என் சமையல்தான் காரணமோ என்று பல நாள் குழம்பினேன். இப்போது நினைத்தால் எரிகிறது.

மார்கழியில் விரதம் தொடங்கியது. காவடி எடுப்பவர்கள் கோயில் மண்டபத்தில்தான் தங்குவார்கள்; வேலை நாளில் அங்கிருந்தே வேலைக்குப் போய் வருவார்கள். வெறும் தரையில், தலையணை இல்லாமல், மல்லாந்து படுக்க வேண்டும். மனைவி தொடக்கூடாது. வீட்டில் நான் இரண்டு தலையணை வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க யார் இருக்கிறார்கள்? சொன்னால் விரதத்தைக் கெடுக்கிறேன் என்பார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசை முடிந்தபின் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு போனேன். விரதக்காரர்கள் கண்ணயரும் நேரம். அவரைச் சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் நெற்றி நிறைய திருநீறு. குறட்டை நின்றிருந்தது. உதடு கறுத்திருந்தது.

காவடிக் குழுவை நடத்துபவரை நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவர் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"பேசாத தங்கச்சி. சாமி மூச்ச கட்டுறாரு. நாலஞ்சு நாளா பாக்குறோம். இதெல்லாம் எல்லாருக்கும் வராது."

கையிலிருந்த பால் செம்பு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். பெரிய திணறலோடு கண் விழித்தார்.

"விரதக்காரன தொடுறியே, படிச்ச பொண்ணுதானே நீ?" என்று கத்தினார் மாஸ்டர்.

"அவருக்கு மூச்சு நிக்குதுண்ணே! கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க!"

அன்று மாலை அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்று, அக்கம்பக்கம் கேட்கவே சொன்னார்: "புருஷன் பக்கத்துல இல்லாம கொஞ்ச நாள்கூட இருக்க முடியலையா உனக்கு?"

அதைவிட வலித்தது என் கணவர் சொன்னது. "எல்லாரும் என் குறட்டைய வெச்சு சிரிச்சவங்க. இப்பதான் கும்பிடுறாங்க. உனக்கு அது பொறுக்கலையா?" அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை. நான்தான் தப்போ? உண்மையிலேயே சாமிதானோ? படித்த திமிரில் தெய்வத்தின் குறுக்கே நிற்கிறேனோ?

பூசை அறையில் உட்கார்ந்தேன். பாட்டு வரவில்லை, மந்திரம் வரவில்லை. சண்டைதான் வந்தது. "முருகா, அவரைக் குணமாக்கு என்றுகூட நான் கேட்கவில்லை. அவருக்கு என்ன என்று ஒருத்தராவது என்னைக் கேட்கட்டும். ஒரே ஒருத்தர். பக்கத்தில் படுப்பவள் நான். எனக்குத் தெரியும்." இதையே சொல்லிச் சொல்லி அழுதேன்.

அந்த வாரமே ஆலையில் குலைகளை இறக்கும்போது அவர் நெஞ்சு படபடத்து மயங்கி விழுந்தார். பாலிங் மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்றார்கள். நேரத்தில் கொண்டுவராமல் இருந்திருந்தால் பக்கவாதமே வந்திருக்கலாம் என்றார்கள். யாழினியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு நான் கட்டிலருகே நின்றேன். 'ஒருத்தர் கேட்க வேண்டும் என்றேன் முருகா, இதற்காகவா?' என்று மனதுக்குள் முருகனோடு மறுபடி சண்டை போட்டேன்.

இதயப் பிரிவுக்கு ஒரு மலாய்க்கார டாக்டர் வந்தார். என் வயதுதான் இருக்கும். என் கணவரிடம் மலாயில் கேட்டார், தூக்கத்தில் குறட்டை உண்டா என்று. "கொஞ்சம்தான்" என்றார் இவர். டாக்டர் பேனாவை மூடினார். என் பக்கம் திரும்பி, மலாயில் மரியாதையாக அழைத்துக் கேட்டார்.

"புவான், தூங்குகிறவருக்கு என்ன தெரியும்? பக்கத்தில் இருப்பது நீங்கள். நீங்கள் சொல்லுங்கள்."

அடியார்களே, அழுகைதான் வந்தது. அவர் காத்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபத்தில் நடந்ததையும் சொன்னேன். ஒரு இடத்தில்கூட அவர் சிரிக்கவில்லை.

தொண்டையின் தசை தூக்கத்தில் தளர்ந்து வழியை அடைத்துவிடுகிறது என்று விளக்கினார். இரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறது. உடல் பதறி விழிக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. இரவு முழுவதும் இதுவே நடந்தால் இதயம் என்ன செய்யும்? மாத்திரை கேட்காததற்கும், தாளம் தப்பியதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். உடம்பெல்லாம் கம்பி ஒட்டித் தூங்க வைத்துச் சோதித்தார்கள். நான் சொன்னது அத்தனையும் அதில் வந்தது.

இப்போது அவர் மூக்கில் கவசம் மாட்டி, காற்றை அழுத்தி அனுப்பும் இயந்திரத்தோடு தூங்குகிறார். இதயத்துக்கு மாத்திரை தொடர்கிறது. இயந்திரம் மாட்டிய சில நாளிலேயே, "இன்னிக்கு தலை வலிக்கல, கனவுகூட வந்துச்சு" என்றார். அழுத்தம் மெல்ல இறங்கிவருகிறது. நானும் தூங்குகிறேன். பிள்ளை பிறந்ததிலிருந்து நான் அப்படித் தூங்கியதில்லை.

அத்தை இப்போது எல்லோரிடமும், "சாமிதான் என் பிள்ளைய காப்பாத்துச்சு" என்கிறார். உண்மைதான். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தச் சாமி எனக்கு ஒரு காதையும் ஒரு வாயையும் கொடுத்து எத்தனை மாதமாகக் காட்டியது, அதை யார் கேட்டீர்கள்? நம்பிக்கையோடு வேண்டுங்கள். முருகன் கேட்பார், நானே சாட்சி. வேண்டிவிட்டுக் கண்ணைத் திறந்து உங்கள் பக்கத்தில் படுத்திருப்பவரையும் பாருங்கள். சத்தம் நின்றால் கும்பிடாதீர்கள். திருப்பிப் படுக்க வையுங்கள். மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள்.

மூன்றாவது காவடி இன்னும் பாக்கி. அடுத்த தைப்பூசத்தில் எடுத்தே தீருவேன் என்கிறார் அவர். இதயம் தாங்குமா என்று சோதித்துப் பார்த்துச் சொல்கிறோம், ஆனால் இயந்திரம் இல்லாமல் ஒரு இரவும் தூங்கக்கூடாது என்கிறார் டாக்டர். "மூஞ்சில மிஷின மாட்டிக்கிட்டு படுக்கிறதுக்குப் பேரு விரதமா? நம்ம மண்டபத்துல அது வேணாம்" என்கிறார் மாஸ்டர். வீட்டில் படுத்து விரதம் இருந்தால் செல்லுமா? கணவர் வாயால் நேர்ந்ததை நான் பால்குடமாக எடுத்து முடிக்கலாமா? மகளுக்காக நேர்ந்தது என்பதால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. இயந்திரத்தோடு விரதம் இருந்தவர்கள், அவர்கள் குடும்பத்தார் யாராவது இருந்தால், என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.