பேயை மறைத்த கை

மணிமங்கலம் டெண்டுக் கொட்டகைக்கு அந்தப் பேய்ப் படம் ஐந்தாவது முறையாக வந்தது 1981 ஆவணியில். ஆபரேட்டர் பாண்டுரங்கன் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி மரகதம் அந்தப் படத்தை நான்கு முறை பார்த்திருந்தாள், பேயைத் தவிர.

முதல் முறை 1957இல். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். மாசமாக இருப்பவள் பயந்தால் பிள்ளைக்கு ஆகாது, வராதே என்று சொல்லிப் பார்த்தார் பாண்டுரங்கன். அவள் பெண்கள் பக்கத்து மணலில் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இடைவேளைக்குச் சற்று முன்பு பேய் திரும்பி முகம் காட்டும் இடத்தில், அவர் லென்சுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துவிட்டார். ஒரு கையின் நிழல் விழுந்து திரை இருண்டது. விரலிடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது. அலறல் மட்டும் கேட்டது. அன்று கூட்டம் வாரி அடித்த மணல் ஆபரேட்டர் அறைமேல் வந்து விழுந்தது.

பாபு நல்லபடியாகப் பிறந்தான். பேய்க்குப் பயப்படாத பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குத்தான் பயந்தான்.

அதன் பிறகு படம் வரும்போதெல்லாம் அவர் கை வைத்தார். பழகிவிட்டது. ஊருக்கும் பழகிவிட்டது. கை படத்திலேயே இருப்பது, அது யாருடையது என்பதுதான் மர்மம், கடைசி வரை சொல்ல மாட்டார்கள் என்று ஊர் நம்பியது. தாம்பரத்தில் பார்த்துவிட்டு வந்த ஒருவர் கை எதுவும் வரவில்லை என்றார். தாம்பரத்துக்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்று முடிவாயிற்று. உண்மை தெரிந்தவள் மரகதம் ஒருத்திதான். அந்தப் படம் ஓடும் நாட்களில் அவர் வீட்டுக்கு வந்ததும், விளக்குச் சூட்டில் சிவந்த உள்ளங்கையை நீட்டுவார். அவள் தேங்காய் எண்ணெய் தடவுவாள்.

இந்த முறை காஞ்சிபுரத்திலிருந்து வந்த புது ஆபரேட்டர் ரகுபதி படத்தை ஒழுங்காக ஓட்டினான். பேய் முழுசாக வந்தது. "கைய எங்கடா வெட்டினே?" என்று கூட்டம் மணலை வாரி அடித்தது.

மறுநாள் காலை அவன் மரகதத்தின் வீட்டு வாசலில் நின்றான்.

"அம்மா, அந்தக் கை எத்தினாவது ரீல்ல வர்து? எனக்கு வந்த பொட்டியில காணோம். கை வர்லன்னா படத்தைத் தூக்கிடுவேன்றாரு மொதலாளி."

அது யார் கை என்று மரகதம் சொன்னாள். ரகுபதி தன் கையைத் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப நானும் வெக்கட்டாம்மா?"

"ரெண்டாவது ஆட்டத்துல வெச்சிக்க. மொதல் ஆட்டத்துல வெக்காத. நான் பாக்கணும்."

"மண்ண வாரி அடிப்பாங்கம்மா."

"அவரும் வாங்கினதுதான்."

பக்கத்து வீட்டு சரோஜா துணைக்கு வந்தாள், மனமில்லாமல். "வருசம் திரும்பலியேக்கா. ஊரு இன்னா சொல்லும்?"

"பேயத்தானே பாக்கப் போறேன்."

அந்த இடம் வந்தது. சரோஜா கண்ணை மூடிக்கொண்டு மரகதத்தின் தோளைப் பிடித்தாள். பேய் திரும்பியது. முகத்தில் அரிசி மாவு. வாயில் இரண்டு பல், ஒன்று கோணல். தூக்கிய இடது கையில் கைக்கடிகாரம். மணி நாலு பத்து.

"பேய் பூட்ச்சாக்கா?"



"இதுக்கா," என்றாள் மரகதம். "இதுக்கா அத்தினி வருசம் கைய சுட்டுக்கினாரு."

பின்னாலிருந்து மணல் வந்து விழுந்தது. சரோஜா கண்ணைத் திறந்தபோது மரகதத்தின் முகம் நனைந்திருந்தது.

"பயந்துட்டியாக்கா?"

"ஆமா."

மறுநாள் காலை சரோஜாவின் வீட்டுக்காரன் எல்லப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இரண்டாவது ஆட்டத்தில் கை வந்ததைச் சொன்னான். "ஆனா சட்டுனு பூட்ச்சிக்கா. முன்னல்லாம் நெதானமா நிக்கும்."

மரகதம் உள்ளே போய்ச் சின்ன சீசா ஒன்றில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்தாள். அதை ரகுபதியிடம் கொடுக்கச் சொன்னாள்.

"எதுக்குக்கா?"

"கைக்கு," என்றாள்.