தொப்பை முயல்களைத் தந்த மாஸ்டர்

போன செவ்வாய்க்கிழமை காலையில் மாஸ்டரின் மனைவி போன் செய்தார். "கண்ணு, அவரு இன்னைக்கு வேலைக்கு வரமாட்டாரு" என்று வழக்கம்போல லீவு சொல்லத் தொடங்கி, அதற்கு மேல் முடியாமல் அழுதார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். எங்கள் பொம்மைப் பட்டறையின் கட்டிங் மாஸ்டர் சின்னராசு, சொல்லாமல் ஒருநாளும் லீவு போட்டவர் அல்ல.

ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் பழைய பனியன் கை ஒன்றில் கட்டிங் வேஸ்ட் துணித்துண்டுகளைத் திணித்து நான் ஒரு முயல் செய்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தை அதைத் திருப்பித் தரவே இல்லை. பிறகு தோழிகள் கேட்டார்கள், அவர்களுடைய தங்கைகள் கேட்டார்கள். கல்லூரி முடித்தபோது வீட்டு முன்னறை பட்டறையாகியிருந்தது. அப்போதுதான் மாஸ்டர் வந்து சேர்ந்தார். அதுவரை பனியன் மட்டுமே வெட்டியவர். நான் அட்டையில் வெட்டிவைத்திருந்த முயல் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த சைஸுங்க, எஸ்ஸா எம்மா?" என்றார். சிரிக்காமல்தான் கேட்டார்.

அந்த வருடம் கோயம்புத்தூர்க் கடை ஒன்றிலிருந்து முதல் பெரிய ஆர்டர் வந்தது. "இது கெட்டுதுன்னா தையல் மிஷின வித்துட்டு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிரு" என்று அப்பா சொல்லிவிட்டார்.

பனியன் துணி அகலவாக்கில் அதிகம் இழுபடும். அதைப் பார்த்துத்தான் அச்சு வைக்க வேண்டும். இது தெரியாதவரா மாஸ்டர்? ஆனால் துணி வீணாவதைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். முயலைத் துணியின் நீளவாக்கில் படுக்கவைத்து வெட்டினால் துணி மிச்சமாகிறது என்று அத்தனையையும் படுக்கவைத்தே வெட்டித் தள்ளிவிட்டார். பஞ்சு அடைத்தால் ஒல்லி முயல் ஒன்றுகூட இல்லை. வயிறு அகலவாக்கில் இழுபட்டு, எல்லாம் தொப்பையும் தொந்தியுமாக உட்கார்ந்திருந்தன.

"ஏனுங்க மாஸ்டர், இப்படிப் பண்ணிட்டீங்களே!"

"பொம்மைய யாரு கண்ணு மாட்டிக்கிட்டு நடக்கப் போறாங்க?" என்றவர், நான் அழுவதைப் பார்த்ததும் ஒரு முயலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "முயலு மாசமா இருக்குது. அதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?"

சொல்லிவிட்டு, மிச்சம் பிடித்த துணியிலேயே வயிற்றுக்கு ஒரு பாக்கெட்டும், அதற்குள் வைக்க விரலளவு குட்டியும் வெட்டினார். மறுநாள் என்னோடு கடைக்கும் வந்தார். கடைக்கார அம்மா குட்டியை வெளியே எடுத்தார், உள்ளே வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

"நான் கேட்டது இதில்லீங்களே" என்றார்.

"வளைகாப்புக்கு வெச்சுக் குடுக்கலாமுங்க" என்றார் மாஸ்டர், அதற்காகவே செய்து கொண்டுவந்தவர்போல.

அந்த அம்மா இன்னொரு முறை குட்டியை உள்ளே வைத்தார். "சரிங்க, எல்லாத்தையும் இறக்குங்க."

இன்று எங்கள் பட்டறை ஓடுவதே அந்த முயலால்தான். மாஸ்டர் மட்டும் கடைசிவரை தப்பை ஒப்புக்கொள்ளவில்லை. கிண்டல் செய்தால், "துணிய மிச்சம் பண்ணுனேன், தப்பா?" என்று எங்களையே மடக்குவார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்த முகம் நினைவிருக்கும். எனக்கு அவர் இல்லாத மேஜையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நேற்று புது மாஸ்டர் வந்தார். முயல் அச்சை எடுத்து, "இதப் படுக்கவெச்சா வயிறு பெருத்துருமுங்களே, நிறுத்தி வெட்டட்டுங்களா?" என்று கேட்டார். விவரமானவர்தான்.

"வேண்டாமுங்க, படுக்கவெச்சே வெட்டுங்க" என்றேன்.