படத்தை மூடும் கை

எந்தப் பிள்ளை கதைப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த அம்மாவின் இடது கை தானாக நீண்டு படத்தை மூடிவிடும். "இப்ப வாசி கண்ணு." பக்கத்து வீட்டுப் பிள்ளை, பேருந்தில் எதிர்சீட்டுப் பிள்ளை, யாரையும் விடுவதில்லை. இவர் வருகிறார் என்றால் உறவுக்காரர்கள் புத்தகங்களை ஒளித்துவைப்பதாகக் கேள்வி.

ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. பதினெட்டு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவர். டாக்டரே ஒரு நோயின் பெயரைச் சொன்னாலும் "பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்பார். உப்பு சரியா என்று வீட்டுக்காரர் கேட்டாலும் அதே பதில்தான்.

இவரை உலுக்கியது மகள். இரண்டாம் வகுப்பில் கடகடவென்று வாசித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் இவர் தெரியாமல் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். மகள் நிற்கவில்லை. விட்டுப்போன பக்கத்தைப் பிழையில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். புத்தகம் முழுக்க மனப்பாடம். தனியாக ஒரு சொல்லைக் காட்டினால் படத்தைத் தேடினாள். மறுநாளே மகளின் பள்ளியில் போய் நின்றார்.

தலைமையாசிரியை அசரவில்லை. "பழகப் பழக வந்துடும்மா."

"காய்ச்சல்காரரை அப்படிச் சொல்லி அனுப்புவோமா மேடம்? என் பொண்ணுக்கு நான் இருக்கேன். மத்த பிள்ளைங்களுக்கு?"

ஐந்து மாதம் நடையாய் நடந்தார். ஆசிரியர் அறையில் 'படமூடி' என்று பெயர் வைத்தார்கள். தெரிந்தும் சிரித்துக்கொண்டார். கடைசியில் தலைமையாசிரியை இறங்கிவந்தார். முதல் வகுப்பில் ஒரு பிரிவுக்கு மட்டும் எழுத்துகளின் ஒலியைச் சொல்லித்தந்து, ஒலிகளைச் சேர்த்து வாசிக்கவைப்பது. இன்னொரு பிரிவு வழக்கம்போல. மூன்று மாதம் கழித்து, யாரும் சொல்லித்தராத இருபது சொற்களை இரண்டு பிரிவையும் வாசிக்கச் சொல்வது. தோற்றால் இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டேன் என்று இவர் சவால் விட்டிருந்தார்.

சோதனையன்று பிள்ளைகளின் சட்டையில், லேபில் ரத்தக் குப்பிக்கு ஒட்டுவதுபோல, பெயரில்லாமல் எண் ஒட்டி, கலந்து அனுப்பச் சொன்னார். "யாரு எந்தப் பிரிவுன்னு எனக்குத் தெரியக் கூடாது. என் கண்ணே என்னை ஏமாத்தும்."

எண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒலி படித்த முப்பது பேரில் இருபத்தாறு பேர் தடையில்லாமல் வாசித்திருந்தார்கள். மற்ற முப்பதில் ஒன்பது.

"நான் சொல்லலை மேடம். பிள்ளைங்களே சொல்லுது."

தலைமையாசிரியை கணக்கெழுதிய தாளை மேசையில் வைத்தார். பிறகு அந்த இரண்டாவது பிரிவிலிருந்து ஒரு சிறுமியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, கதைப் புத்தகத்தைத் திறந்தார். பழக்கதோஷத்தில் இவருடைய இடது கை நீண்டது. அதற்குள் படத்தின் மேல் தலைமையாசிரியையின் உள்ளங்கை இருந்தது. இவர் கையை மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.