பட்டுப்புடவையில் வீடு பார்க்கப் போனோம்

வெந்த இட்லித்துணியை உதறும்போது ஓர் ஈர வாசனை எழும். அல்சூர் ஆபீஸுக்குப் போகும் வழியில் அது மூக்கில் பட்டால் கால் தானாக நிற்கிறது. மனசு ஈஜிபுராவுக்கு ஓடிவிடுகிறது, சாந்தியின் அடுப்படிக்கு.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, அப்போது எங்கள் நிதி இத்தனை பெரிதில்லை. தெருப் பெண்களும் எதிர் அபார்ட்மெண்ட் பெண்களும் மாதாமாதம் முடிந்ததைப் போடுவார்கள். யாருக்குக் கொடுப்பது என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுவோம். நேரில் போய் விசாரிக்கும் ஃபீல்டு வேலை என்னுடையது.

சாந்தி பேச்சிலர் பையன்களுக்கு டிஃபன் கட்டிக் கொடுத்து மகளைப் படிக்க வைத்தாள். குடியிருந்த வாடகை வீட்டின் அக்ரிமெண்ட் அண்ணன் பேரில். அவர் ஓசூருக்குப் போக முடிவு செய்து, வீட்டைக் காலி பண்ணி அட்வான்ஸை வாங்கிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டார். அடுப்பு போனால் வருமானம் போச்சு, மகளின் படிப்பும் போச்சு.

வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் நாங்கள் தருகிறோம் என்றோம், பெருமையாக. ஆனால் வீடு கிடைக்கவில்லை. போன இடமெல்லாம் ஒரே கேள்வி, வீட்டில் ஆம்பளை யார். பணம் எங்கள் கையில் சும்மா கிடந்தது.

அந்த ஞாயிறு டெய்லர் பாத்திமாதான் சொன்னாள், தனியா போனாத்தானே கேக்குறாங்க, குடும்பமா போவோம் என்று. சாந்தியையும் சேர்த்து ஏழு பேர் கிளம்பினோம். மரியாதையாக இருக்கட்டும் என்று பட்டு கட்டினோம். தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, பூ.

கீழ் வீட்டை வாடகைக்கு விடவிருந்த ஓனர் கௌரம்மா கதவைத் திறந்ததும் முகமெல்லாம் மலர்ந்து போனார். நாற்காலி வந்தது, காபி வந்தது. பைக் கழுவிக்கொண்டிருந்த மகனை உள்ளே கூப்பிட்டுச் சட்டை மாற்றச் சொன்னார். என்ன உபசாரம் என்று நான் நெகிழ்ந்துகொண்டிருந்தபோது, கன்னடம் கலந்த தமிழில் மெல்லக் கேட்டார்.

"ஹுடுகி... பொண்ணு போட்டோ கொண்டாந்திருக்கீங்களா?"

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண்வீட்டார் என்று நினைத்துவிட்டார். வாசலில் புதுச் சட்டையோடு பையன். பாத்திமாதான் முந்திக்கொண்டாள்.

"பையனை நீங்களே வச்சுக்கங்கம்மா. எங்களுக்குக் கீழ் வீடு போதும்."

பையன்தான் முதலில் சிரித்தான். கௌரம்மா சிரிக்கவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாடகை நின்னுபோனா ஆம்பளை இல்லாத வீட்டுல யாரைப் போய்க் கேக்கிறது என்றார். சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆம்பளைன்னா ஒருத்தன் ஓடிட்டா முடிஞ்சதும்மா," என்றாள் பாத்திமா. "நாங்க ஏழு பேரும் ஒண்ணா எங்க ஓடுறது?"

கௌரம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யார் எந்த வீடு என்று விசாரித்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அக்ரிமெண்ட் சாந்தி பேரில் ஆனது. படியில் உட்கார்ந்து தன் பேரைத் தானே வாசித்துப் பார்த்தாள், யாருடைய பேரையோ வாசிப்பதுபோல.

கொடுப்பது என்றால் காசைக் கொடுப்பது என்றிருந்தேன். கூடப் போய் நிற்பதும் அதில் சேர்த்தி என்று அன்று புரிந்தது.

இன்று விண்ணப்பங்கள் போனில் வருகின்றன. எண்ணிக்கை கூடியிருக்கிறது, நல்லதுதான். ஆனாலும் ஞாயிறு வந்தால் பட்டு கட்டி யாருடைய கதவையாவது தட்ட வேண்டும் என்று உடம்பு பரபரக்கிறது. பாத்திமா மகளோடு சென்னைக்குப் போய்விட்டாள். சாந்திக்கு ஆனேக்கலில் ஒரு கார்மெண்ட்ஸ் கேண்டீன் கிடைத்தது. அங்கே அவள் தனியாகவே போய் வீடு பேசி முடித்தாள். நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை.

அவள் கிளம்பிய காலையில் அண்டா குண்டானெல்லாம் குட்டியானை வண்டியில் ஏறியாயிற்று. மகளை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். போன் பண்ணிட்டு ஒருநாள் வரேன் என்றேன்.

"எதுக்குக்கா போனு? யாரைக் கேக்கணும்? என் வீடுதானே, வாங்க."