கிரகணம் படிந்த தோல்

நிழலிலும் தராதரம் உண்டு. நிலவின் அடர்நிழல் தொடும் ஊருக்கு முழுச் சூரிய கிரகணம். நிலவு தள்ளி நின்று, அந்த நிழல் தரைக்கு எட்டாமல் போனால் வளைய கிரகணம். அந்த முறை தெற்கே சில ஊர்களுக்கு வளையம் வாய்த்தது. எங்கள் ஆம்பூருக்கு ஓரத்து அரைநிழல்தான். சூரியன் பிறையாகத் தெரியும், அவ்வளவே.

அந்தத் தோஷமும் உள்ளே வரக்கூடாதென்று எங்கள் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் எல்லா ஜன்னலையும் சாத்தினார். கரெண்டும் போனது. அரைநிழல் ஊரில் முழுக் கிரகணத்தை உண்டாக்கிய ஒரே விஞ்ஞானி அவர்தான்.

தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே புகுந்த வெளிச்சம், மேஜையில் விரித்திருந்த தோல்கள்மேல் குட்டிக் குட்டிப் பிறைகளாக விழுந்தது.

"இன்னாப்பா, தோலெல்லாம் கறை?" என்று சூப்பர்வைசர் பதறினார். துணியால் துடைத்தார். போகவில்லை. குறையுள்ள இடத்தில் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரை ஒவ்வொரு பிறைமேலும் ஒட்டினார்.

"சார், அது சூரியன்" என்றேன்.

"எதுவா இருந்தா இன்னா? ஷூ வாங்குற பையர் ஒத்துக்கமாட்டான்."

கரெண்ட் வந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் பிறைகள் காணாமல் போயின.

"பாத்தியா, தொடச்சதுல போய்டுச்சு" என்றார் பெருமையாக. ஆனாலும் ஸ்டிக்கர் ஒட்டியது ஒட்டியதுதான் என்று அத்தனை தோலையும் ரிஜெக்டில் போட்டார்.

சூரியனுக்குக் கிரகணம் விட்டது. தோலுக்கு விடவில்லை.