கீழ்வீட்டு அக்காவும் இருபத்திரண்டு வயது காரும்

கார்க் கதவைத் திறப்பதற்கு முன் கீழ்வீட்டு அக்கா குனிந்து, வண்டிக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை இழுக்கிறார். இரவெல்லாம் அங்கே கிடந்த அட்டை. வெளிச்சத்தில் பிடித்து, விடைத்தாள் திருத்துவதுபோல் பார்க்கிறார். கறுப்புச் சொட்டு என்றால் ஆயில். பச்சை என்றால் ரேடியேட்டர் தண்ணீர். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, கவலையில்லை. "நேத்தும் மூணு சொட்டு, இன்னிக்கும் மூணுதான்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு அட்டையைச் சுவரோரம் சாய்க்கிறார்.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பகல் முழுக்கக் கடுகு அளவுத் திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிற கைக்கு, காரின் நட்டுகள் ஒரு பொருட்டே இல்லை. கணவருக்கு வெளியூரில் வேலை. மாதம் ஒருமுறை வருவார், வண்டியைப் பளபளவென்று துடைத்து நிறுத்துவார். அதோடு அவர் கடமை முடிந்தது. மற்றதெல்லாம் அக்கா தலையில்.

மாமியாரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகத்தான் இந்தக் காரைப் பழையதாக வாங்கினார்கள். ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். மாமியாருக்கோ வண்டியைக் கண்டாலே ஆகாது. "ஓட்ட ஒடசல்" என்று முணுமுணுத்தபடி பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்வார்.

போன வருஷம் வண்டி அடிக்கடி கொதித்தது. எஞ்சினையே இறக்க வேண்டும் என்று இரண்டு பட்டறைகளில் சொன்னார்கள். அக்கா இரண்டு இடத்திலும் தலையாட்டிவிட்டு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டுக்குள் தலையை விட்டார். ரப்பர் குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் தளர்ந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றியதும் கொதிப்பு நின்றது. அன்றிலிருந்து, "மொதல்ல சின்னத பாப்போம், பெருசு எங்கயும் ஓடிடாது" என்பதுதான் அவர் பேச்சு. தலைவலிக்கு டாக்டரிடம் போகிறேன் என்று நான் சொன்னபோதும், தண்ணீர் குடித்தேனா என்றுதான் முதலில் கேட்டார்.

போன புதன்கிழமை ஆறேகாலுக்குச் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கைப் போட்டுப் பார்த்தார், பளிச்சென்று எரிந்தது. பாட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கிவிட்டுத் திருப்பினார். மறுபடியும் 'டக்'. நான் மாடியிலிருந்து இறங்கிப் போய், டாக்சி கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க. வரலேன்னா கூப்பிடுங்க" என்றார். குரலில் பதற்றமில்லை, மேலுதட்டில் மட்டும் வியர்த்திருந்தது.

ஸ்டார்ட்டர் மோட்டார் சிக்கிக்கொண்டிருக்கிறதாம். அவர் கம்பியால் அதைத் தட்டும்போது யாராவது சாவியைத் திருப்ப வேண்டும். பானெட்டைத் தாங்கும் கம்பி உடைந்து வெகுநாளாகிறது. அதை நான் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தேன். மிச்சம் இருந்தது பின்சீட்டில் மாமியார்தான்.

"அத்தை, முன்னாடி வந்து உக்காருங்க."

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்?"

"பீரோவ தெறக்கத் தெரியுமில்ல? அதே மாதிரிதான்."

கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்தார். மாமியார் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"இப்ப திருப்புங்க அத்தை."

அக்கா தட்டினார். டக். மறுபடி தட்டினார். டக். மூன்றாவது தட்டுக்கு எஞ்சின் ஒருமுறை உலுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

நான் பானெட்டை இறக்கியபோது மாமியார் கண்ணாடி வழியே தெருவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை விட்டுவிட்டு, இப்போது இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். எஞ்சினின் நடுக்கத்தில் வளையல்கள் மெல்லக் குலுங்கின. மணி ஆறரை. மருத்துவமனை பதினைந்து நிமிஷத் தொலைவு.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு அத்தை, அங்கயே உக்காருங்க" என்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கற்களை எடுக்காமல் வண்டியைச் சுற்றி வந்தார். மறுபக்கக் கதவைத் திறந்து மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.